நின்ற இடத்திலேயே பற்றரி இறங்கும் பழைய கார்: கோளாறைத் தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

காரை நிறுத்தித் திறப்பை எடுத்து, கதவையும் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போன பிறகும் பற்றரியில் இருந்து கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். மணிக்கூடு, சென்ரல் லொக், அலாரம், என்ஜின் கம்பியூட்டரின் ஞாபகம் எல்லாம் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. அது பிழையில்லை. அளவுக்கு மேல் போகும்போதுதான் விடிய திறப்பைத் திருப்ப ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது.

அப்படி நடந்தால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது புதுப் பற்றரி வாங்குவது. இரண்டு மூன்று கிழமை ஒழுங்காக ஓடும், பிறகு அதுவும் இறங்கும். கடைக்காரரோடு வாரண்டிச் சண்டை தொடங்கும். வோல்ட்டும் கரண்டும் அளக்கும் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்றும் ஒரு பின்னேரமும் கையில் இருந்தால், காசைக் கொட்ட முன்னர் எங்கே கோளாறு என்று நீங்களே பார்த்துவிடலாம்.

எவ்வளவு போனால் பிழை?

நன்றாக இருக்கும் கார் உறங்கும் நிலையில் 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை இழுக்கும். மணிக்கூடும் ரேடியோவும் மட்டுமே உள்ள பழைய கார்களில் இது இன்னும் குறைவு.

கணக்கு லேசு. 45 அம்பியர் மணி பற்றரியில் 50 மில்லி அம்பியர் போனால் நாளுக்கு 1.2 அம்பியர் மணி குறையும். பாதியாக இறங்க இரண்டரைக் கிழமைக்கு மேல் ஆகும். அதையே 400 மில்லி அம்பியர் என்று வையுங்கள்: நாளுக்கு 9.6. இரண்டரை நாளில் பற்றரி பாதிக்குக் கீழே. தினமும் ஓடுகிற காரில் இது வெளியே தெரியாது. சனி, ஞாயிறு நிறுத்திவிட்டுத் திங்கள் விடிய எடுக்கும்போதுதான் முகத்தைக் காட்டும். அதனால் ‘எத்தனை நாள் நின்றால் ஸ்ராட் வராது?’ என்பதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரே இரவில் படுத்தால் பெரிய இழுவை. ஒரு கிழமை தாங்கினால் சின்னது.

முதலில் பற்றரியும் டைனமோவும்

கசிவைத் தேட முன் பற்றரியையும், அதற்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவையும் விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத கோளாறைத் தேடி வயரிங்கைக் குலைப்பீர்கள்.

ஓட்டம் முடித்து ஓர் இரவு நின்ற காரில் பற்றரியின் வோல்ட்டை அளவுங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. பிறகு என்ஜினை ஓடவிட்டு அதே இடத்தில் பாருங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 13ஐத் தாண்டவில்லை என்றால் உங்கள் பிரச்சினை சார்ஜ் ஏறாததுதான். இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை, டைனமோ வேலை செய்பவரிடம் போங்கள்.

டைனமோ சரி என்றால் பற்றரியைச் சோதியுங்கள். முழுக்க சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓர் இரவு விடுங்கள். எதிலும் தொடுக்காமலே 12.6இல் இருந்து 12.3க்கு இறங்கியிருந்தால் கார் குற்றவாளி இல்லை, பற்றரிதான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வெயில் பற்றரிக்குப் பெரிய எதிரி. 3 வருடம் கடந்த பற்றரி என்றால் நான் அதில்தான் முதல் சந்தேகத்தை வைப்பேன்.

கழற்ற முன் ஓர் எச்சரிக்கை. ஜப்பானில் இருந்து வந்த கார்களின் சில நவிகேஷன் செற்கள் (டாஷ்போட்டில் உள்ள பாட்டு, வரைபடத் திரை), பற்றரி வயரைக் கழற்றினால் பூட்டிக்கொண்டு, திரும்பத் திறக்க ஈஆர்சி கோட் என்ற இரகசிய எண்ணைக் கேட்கும். கோட் உங்களிடம் இல்லை என்றால் அது வேறு தலையிடி. அப்படிப்பட்ட செற் உள்ளவர்கள் இந்தக் கழற்றும் சோதனையை விட்டுவிட்டு, பற்றரிக் கடையில் லோட் ரெஸ்ற் (பாரம் கொடுத்துச் சோதிப்பது) செய்விக்கலாம்.

பற்றரியின் மேல் தட்டையும் பாருங்கள். பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கரையோரக் காற்றில் முனைகள் கெதியாகப் பூத்துப்போகும். வெள்ளையும் நீலமுமாகப் பூத்த தூளோடு ஈரப் புழுதியும் சேர்ந்தால் இரண்டு முனைக்கும் இடையில் மேற்பரப்பாலேயே கரண்ட் கசியும். அப்பச்சோடா கரைத்த தண்ணீரைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். மூடிகளுக்குள் அந்தத் தண்ணீர் போகக்கூடாது.

யார் என்ன பூட்டினார்கள்?

பழைய கார் என்றால் மீற்றரை எடுக்க முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில் இங்கே ஓடிய கார்களே திரும்பத் திரும்பக் கைமாறின. ஒவ்வொரு கையும் ஏதோ ஒன்றைப் பூட்டியிருக்கும்: ஒருவர் அன்ட்ரொயிட் செற், அடுத்தவர் ரிவேர்ஸ் கமெரா, இன்னொருவர் அலாரம், அதற்குப் பிறகு டாஷ் காம், காலடியில் நீல லைற். கம்பனி வயரிங் தானாகக் கெடுவது குறைவு. பிறகு பூட்டியவைதான் பெரும்பாலும் பிழைவிடும். என் கணிப்பில் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

பொனற்றைத் திறந்து பற்றரியின் பொசிட்டிவ் முனையைப் பாருங்கள். தடித்த வயர்களோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய வயர் ஏதாவது போகிறதா? அது எங்கே போகிறது என்று கையால் தடவிக்கொண்டே போங்கள். நடுவில் பியூஸ் இல்லாத மெல்லிய வயர் என்றால் கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைத் திருத்தியே ஆகவேண்டும். ஒருநாள் அது உரசி நெருப்புப் பிடிக்கலாம்.

உள்ளே வந்தால் டாஷ்போட்டின் கீழே குனிந்து பாருங்கள். ஜப்பான் கார் என்றால் ஈரீசி பெட்டி ஒன்று இன்னும் ஒட்டியிருக்கலாம். ஸ்ராட் எடுத்தவுடன் ஜப்பான் பாஷையில் ஒரு பெண் பேசுவாரே, பெரும்பாலும் அந்தப் பெட்டியில் இருந்துதான். அங்கத்தைய விரைவுப் பாதையில் காசு கட்டுவதற்கான கருவி அது. எங்கள் ஏ9 வீதியில் அதற்கு வேலை இல்லை. பிளக்கைக் கழற்றி விடுங்கள்.

செற்றின் பின்னால் இரண்டு வயர்கள் முக்கியம். மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள வயர், ஞாபகத்துக்கு. சிவப்பு திறப்பைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் வயர். திறப்பு வயரைத் தேடப் பஞ்சிப்பட்டு இரண்டையும் ஒன்றாக முறுக்கி ரேப் சுற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் திரை அணைந்திருந்தாலும் செற் முழுக்க உறங்காது. திறப்பை எடுத்த பிறகும் செற் பாட்டுப் பாடுகிறதா என்று பாருங்கள். பாடினால் அநேகமாகக் கோளாறு கையில்.

இருட்டிய பிறகு இன்னொரு சோதனை. காரைப் பூட்டி விலகி நின்று பிறேக் லைற், நம்பர் தகட்டு லைற் எரிகிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் பிறேக் பெடலின் மேல் உள்ள சின்ன றப்பர் மூடி காய்ந்து உதிர்ந்துவிடும். காலடிக் கம்பளத்தில் றப்பர்த் துகள் கிடந்தால் அதுதான். பெடல் மேலே வந்தாலும் சுவிற்ச் அமராது, பிறேக் லைற் விடியவிடிய எரியும். டிக்கிக்குள் கைப்பேசியை வீடியோவில் போட்டு மூடித் திறந்தால் உள்ளே லைற் அணைகிறதா என்று தெரிந்துவிடும். டாஷ்போட்டில் உள்ள முன்பக்கப் பெட்டிக்கும் இதே வித்தை.

மீற்றரைத் தொடுப்பது

கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. சரி, மீற்றரை எடுங்கள். வீட்டு வயரிங் செய்பவர்களிடம் இருக்கும் கிளாம்ப் மீற்றர் பெரும்பாலும் ஏசி கரண்டை மட்டும்தான் அளக்கும். காரில் அது பூச்சியம் காட்டும், நீங்கள் ஏமாறுவீர்கள். சாதாரண மல்ரிமீற்றரே போதும். முனைகளுக்கு முதலைக் கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் காரை ஆயத்தப்படுத்த வேண்டும். பொனற்றைத் திறவுங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்குங்கள், இல்லாவிட்டால் சென்ரல் லொக் விழுந்து திறப்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். உள்ளே உள்ள பியூஸ் பொக்ஸுக்குக் கை போக அந்தக் கதவு திறந்தே இருக்கவேண்டும். எனவே கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்குறூ டிறைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பதாகக் காரை நம்பவையுங்கள். தூணில் றப்பர் பொத்தான் உள்ள பழைய கார் என்றால் பொத்தானை அழுத்தி ரேப் ஒட்டுங்கள். ஸ்மார்ட் திறப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்தில் இருந்தால் கார் உறங்காது.

இனி மீற்றர். கறுப்பு முனை COM என்று எழுதிய துளையில், சிவப்பு முனை 10 அம்பியர் துளையில், குமிழ் டிசி 10 அம்பியரில். நெகட்டிவ் வயரின் மூட்டை இளக்குங்கள், கழற்ற வேண்டாம். கறுப்புக் கிளிப்பைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும், சிவப்புக் கிளிப்பை அந்த வயரின் மூட்டிலும் பிடிக்கவையுங்கள். இரண்டும் இறுகப் பிடித்த பிறகு மூட்டை மெதுவாக மேலே உயர்த்தி எடுங்கள். இப்போது கரண்ட் முழுவதும் மீற்றருக்குள்ளால்தான் போகிறது. இடையில் ஒரு கணமும் அறாததால் கம்பியூட்டர்கள் முழிக்காது, செற்றின் ஞாபகமும் போகாது. முடிந்ததும் மூட்டைத் திரும்பப் போட்ட பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும்.

மூன்று விடயங்கள் செய்யவே கூடாது. மீற்றர் இப்படி இருக்கும்போது ஸ்ராட் அடிக்காதீர்கள். ஸ்ராட்டர் 100 அம்பியருக்கு மேல் இழுக்கும், மீற்றர் கருகும். ஹெட்லைற், ஏசி, கண்ணாடி எதையும் இயக்காதீர்கள். சிவப்பு முனை 10 அம்பியர் துளையில் இருக்கும்போது பற்றரியின் இரண்டு முனைகளையும் தொடாதீர்கள். அது நேரடி ஷோட்.

அலாரம் அடித்தால் பயப்படாமல் அணைத்துவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். பிறகு காத்திருங்கள். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நிறுத்திய உடனே 1, 2 அம்பியர் காட்டுவது சாதாரணம். கம்பியூட்டர்கள் ஒவ்வொன்றாக உறங்க 10 நிமிடமும் ஆகலாம், புதிய கார்களில் முக்கால் மணியும் ஆகலாம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து எண்ணைப் பாருங்கள். 0.05க்குக் கீழே நின்றால் கசிவு இல்லை. அல்லது இப்போது இல்லை: சில கோளாறுகள் வந்து வந்து போகும். அதைப் பிடிக்க, கைப்பேசியை மீற்றருக்கு முன்னால் நிறுத்தி ஒரு மணித்தியாலம் வீடியோ எடுத்து, பிறகு அந்த வீடியோவை வேகமாக ஓட்டிப் பார்க்கலாம்.

எண்ணே ஆளைக் காட்டும்

பியூஸைப் பிடுங்க முன் அந்த எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். வாட்டை 12ஆல் பிரித்தால் அம்பியர். 5 வாட் பல்ப் 0.4 அம்பியர், 10 வாட் கூரை லைற் 0.8. 21 வாட் பிறேக் பல்ப் இரண்டு எரிந்தால் 3.5, ஓர் இரவுக்குள் பற்றரி காலி. ரிலே (கரண்டால் இயங்கும் சுவிற்ச்) ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றால் அதன் சுருள் மட்டும் 0.1, 0.2 இழுக்கும். உறங்காத செற், டாஷ் காம், கார் இருக்கும் இடத்தைக் காட்டும் ட்ராக்கர் எல்லாம் 0.1 முதல் 0.3 வரை.

கொக்குவிலில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரின் 121 மொடல் கொரொல்லா கார். காத்திருந்து பார்த்தபோது மீற்றர் 0.43இல் அசையாமல் நின்றது. கம்பியூட்டர் முழித்திருந்தால் எண் ஆடும். இது கல்லு மாதிரி நின்றது, பல்ப்பின் குணம். 0.43இல் சாதாரணமாகப் போகும் 0.02ஐக் கழித்தால் 0.41, அதாவது 5 வாட். ‘டோம்’ (உள் லைற்றுகள்) என்று எழுதிய பியூஸைப் பிடுங்கியதும் 0.02க்கு விழுந்தது. டிக்கி லைற்றைத் தொட்டால் மூடி கை சுடும் அளவு சூடு. டிக்கி பூட்டில் உள்ள சுவிற்ச் புழுதி ஏறி ஒட்டியிருந்தது. பல்ப்பைக் கழற்றிக் கையில் கொடுத்தபோது அவர் கேட்டது: “அண்ணை, இதுக்கா நான் பற்றரி மாத்தினனான்?”

பியூஸ் பியூஸாக

காரில் இரண்டு பியூஸ் பொக்ஸ் இருக்கும். ஒன்று பொனற்றுக்குக் கீழே, மற்றது பெரும்பாலும் டாஷ்போட்டின் கீழே. தொட முன் இரண்டையும் படம் எடுங்கள். மூடியில் ஜப்பான் எழுத்து என்றால் கைப்பேசிக் கமெராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். நான் தொடங்கும் வரிசை: கூரை லைற், ரேடியோ, சிகரெட் லைற்றர் துளை, சென்ரல் லொக். கம்பியூட்டர் பியூஸ்கள் கடைசியில்.

ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணைப் பாருங்கள். விழவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள். பிடுங்கியதை உடனே திரும்பப் போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரிவராது. திரும்பப் போட்டால் அந்தப் பகுதி முழித்து எண் ஏறும், மறுபடி காத்திருக்க வேண்டும். மட்டைத் துண்டில் வரிசைப்படி குத்தி வைத்துக்கொண்டு போவதே மேல்.

பிடுங்காமலே பார்க்கும் வழியும் உண்டு. ஈஆர்சி பயம் உள்ளவர்களுக்கு இதுவே நல்லது, பற்றரியைத் தொடவே வேண்டாம். சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றுங்கள், குமிழை 200 மில்லிவோல்ட்டில் வையுங்கள். பியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் முனைகளால் தொடுங்கள். கரண்ட் ஓடாத பியூஸ் 0.0 காட்டும். 10 அம்பியர் மினி பியூஸில் 1 மில்லிவோல்ட் காட்டினால் சுமார் 130 மில்லி அம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். பெரிய பியூஸில் அதே எண்ணுக்கு இன்னும் கூடப் போகும். சரியான அளவு தேவையில்லை, எதில் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும்.

பியூஸ் அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு பியூஸில் நாலைந்து சாமான் தொங்கும். பியூஸைத் திரும்பப் போட்டு, சாமான்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி எண் எப்போது விழுகிறது என்று பாருங்கள். ரிலேயில் சந்தேகம் என்றால் தொட்டுப் பாருங்கள்: உறங்கும் காரில் இளஞ்சூடான ரிலே இருக்கக்கூடாது. பக்கத்தில் அதே மாதிரி ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம்.

எல்லாம் பிடுங்கியும் எண் விழவில்லையா?

அப்படியென்றால் கரண்ட் சின்னப் பியூஸ்களால் போகவில்லை. பற்றரி முனையில் நேரே கொளுவிய வயர்களை முதலில் கழற்றிப் பாருங்கள். அடுத்தது டைனமோ. அதற்குள் உள்ள, கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் டையோட் பழுதானால் பகலில் சார்ஜ் ஏற்றுவதை இரவில் அதுவே குடிக்கும். விடிய, என்ஜினை ஓடவிட முன், டைனமோவின் மேல் கையை வையுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்க டைனமோ மட்டும் சூடாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. உறுதிப்படுத்த, பற்றரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு டைனமோவின் பெரிய பொசிட்டிவ் வயரை எடுத்து, முனைக்கு றப்பர் சுற்றி, மறுபடி அளவுங்கள். வயர் கழன்றிருக்கும்போது என்ஜினை ஓடவிடாதீர்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டும் வரும் கோளாறு என்றால் தண்ணீரைத் தேடுங்கள். பியூஸ் பொக்ஸ் மூடியின் றப்பர் போயிருக்கும், பியூஸ் கால்கள் பச்சை பிடித்திருக்கும். கிடுகுக் கொட்டிலுக்குள் நிறுத்தும் கார் என்றால் எலியும் அணிலும் வயரைக் கொறித்திருக்கும். தோல் உரிந்த வயர் ஈரத்தில் காரின் உடம்புத் தகரத்தைத் தொடும், வெயில் வந்தால் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட காரை வெயில் நாளில் கராஜுக்குக் கொண்டுபோய்ப் பலன் இல்லை.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். 12 வோல்ட் பற்றரி பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும், டைனமோ இருக்காது. செம்மஞ்சள் வயர் எதையும் தொடாதீர்கள், அது உயர் வோல்ட். மைல்ட் ஹைபிரிட் வாகன்ஆரில் முன் இருக்கைக்குக் கீழே சின்ன லித்தியம் பற்றரி ஒன்றும் உண்டு. அதோடு சேட்டை வேண்டாம்.

திருத்துவதும் சரிபார்ப்பதும்

பல்ப், சுவிற்ச், ஈரீசி, டாஷ் காம் எல்லாம் நீங்களே பார்க்கக்கூடியவை. வயர் மூட்டு என்றால் ஈயம் வைத்து மூடுங்கள். வெறுமனே முறுக்கி ரேப் சுற்றினால் எங்கள் வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும். ட்ராக்கர் இருந்து, கார் லீசிங்கில் இருந்தால், கழற்ற முன் லீசிங் கம்பனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்ஜின் கம்பியூட்டர் உறங்கவில்லை, டைனமோ டையோட் போய்விட்டது என்றால் வயரிங்காரரிடம் விடுங்கள். ‘பற்றரி இறங்குது’ என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். ‘உறங்கிய பிறகு 0.3 அம்பியர் போகிறது, இந்தப் பியூஸைக் கழற்றினால் நிற்கிறது’ என்று எழுதிக் கொடுங்கள். அரை நாள் கூலி மிச்சமாகும்.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஆட்கள் வரும்போது மட்டும் ஓடும் கார் என்றால், கசிவே இல்லாவிட்டாலும் ஒரு மாதத்தில் பற்றரி இறங்கும். நெகட்டிவ் முனைக்குக் கட்-ஓஃப் சுவிற்ச் ஒன்று பூட்டலாம். செற் பூட்டிக்கொள்ளுமா என்பதை மட்டும் முதலே விசாரியுங்கள்.

எல்லாம் முடிந்த பின்னேரம், ஓட்டம் முடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து வோல்ட்டை எழுதிவையுங்கள். அடுத்த நாள் விடிய கதவைத் திறக்க முன் மறுபடி பாருங்கள். கதவு திறந்தால் லைற் எரிந்து கணக்குக் குழம்பும் என்பதால் பொனற்றை முதல் நாளே கொளுக்கி போடாமல் சாத்தி விடுங்கள், பொனற்றுக்கு அலாரம் இல்லாவிட்டால். 12.6 என்று இருந்தது 12.5 ஆகியிருந்தால் சரி. 12.3 என்றால் கைமாறிய காரில் நடப்பதுதான்: இரண்டாவது கசிவு ஒன்றும் இருக்கிறது. அடுத்த பின்னேரம் திரும்பவும் மீற்றரைத் தொடுத்துத் தேடுங்கள்.